பழைய எஸ்டீமை ஸ்டாக் ரேஸ் காராக மாற்றுவது: புதுச்சேரி, கடலூர் பக்கத்து ஆட்களுக்கு

பழைய காரை ரேஸுக்குத் தயார் பண்ணலாம் என்று கிளம்புகிற எல்லோரும் முதலில் பானெட்டைத்தான் திறப்பார்கள். ஃபில்டர் மாற்றலாமா, ஹெட்டைத் தேய்க்கலாமா, கேம் எங்கே கிடைக்கும் என்றுதான் பேச்சு ஓடும். ஸ்டாக் கிளாஸுக்கு, அதாவது கம்பெனி கொடுத்த வண்டியைப் பெரிதாக மாற்றாமல் ஓட்டுகிற பிரிவுக்கு, வண்டி கட்டுகிறீர்கள் என்றால் அந்தப் பேச்சைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். இருபது வருஷம் ஓடிய வண்டியில் கம்பெனி கொடுத்த பவரிலேயே ஒரு பங்கு போயிருக்கும், ஷாக் உயிரில்லாமல் இருக்கும், புஷ் ரப்பர் வெடித்திருக்கும், ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும். ஷோரூமிலிருந்து வெளியே வந்த நாளில் அது எப்படி இருந்ததோ அந்த நிலைக்கு முதலில் கொண்டு வாருங்கள். அடுத்தது ஓட்டுகிறவரின் உயிர்ப் பாதுகாப்பு, அதற்கடுத்து எடை, பவர் எல்லாவற்றுக்கும் பிறகு. விதிப்படி எதையும் பெரிதாக மாற்ற முடியாத கிளாஸில் ஜெயிக்கிற வண்டி பெரும்பாலும் இப்படிப் பொறுமையாகப் புதுப்பித்த வண்டிதான்.

நம் பக்கத்துக்கு இது ஒன்றும் புதிதில்லை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கியது. சோழவரத்தில் பழைய விமானத் தளத்தில் பந்தயம் நடந்த காலத்திலேயே ஃபியட், ஹெரால்டு மாதிரி வீட்டுக் கார்களைக் கட்டி ஓட்டியவர்கள் இருந்தார்கள். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர டிராக் வந்தது, நீளம் 3.7 கிலோமீட்டர் சொச்சம். இன்னொன்று கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே, 2.1 கிலோமீட்டர். புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், செங்கல்பட்டு, ஒரகடம் வழியாக இருங்காட்டுக்கோட்டைக்குக் காலையில் போய் இரவு திரும்பிவிடலாம். அதனால் அந்த டிராக்கை மனதில் வைத்தே வண்டியைக் கட்டுங்கள்.

சாவியை வாங்குவதற்கு முன்னால் விதிப்புத்தகத்தை வாங்குங்கள். இந்தியாவில் மோட்டார் பந்தயத்துக்கு அனுமதி கொடுக்கிற அமைப்பு எஃப்.எம்.எஸ்.சி.ஐ., ஓட்டுகிறவருக்கான லைசென்ஸும் அங்கேதான். ஒவ்வொரு கிளாஸுக்கும் எந்த மாடல் செல்லும், குறைந்தபட்ச எடை எவ்வளவு, எந்த டயர், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தனித்தனியாக எழுதியிருக்கும், வருஷா வருஷம் மாறவும் செய்யும். நீங்கள் நினைத்திருக்கிற மாடலுக்கு இந்த வருஷம் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள். புத்தகத்தில் 'அனுமதி' என்று எழுதாதது எல்லாம் தடை என்று எடுத்துக்கொள்வதுதான் நல்லது. பந்தயத்துக்கு முன்னால் வண்டியைச் சோதிக்கிற ஸ்க்ரூட்டினி மேஜையில் நின்றுகொண்டு 'இது கூடாதுன்னு எங்கேயும் போடலையே சார்' என்று வாதம் பண்ணி யாரும் ஜெயிப்பதில்லை.

எந்த வண்டி?

எனக்குப் பிடித்தது மாருதி எஸ்டீம், அதிலும் 1999-க்குப் பிறகு வந்த 16 வால்வ் எம்.பி.எஃப்.ஐ. வண்டி. 1298 சிசி, அலுமினிய இன்ஜின், 85 குதிரைத்திறன், ஆனால் வண்டியின் எடை 900 கிலோவைத் தாண்டாது. நாலு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். அந்தக் காலத்து வண்டிகளில் பின்பக்கம் இப்படி இருப்பது குறைவு. ஜென், ஜிப்சி, எஸ்டீம் மூன்றும் ஒரே குடும்பத்து உதிரிகளைப் பல இடங்களில் பகிர்ந்துகொள்வதால் சென்னை புதுப்பேட்டைக்கு ஒரு நடை போனால் பாதிப் பிரச்சினை தீரும். இதைவிட வேகம் வேண்டும் என்கிறவர்கள் பழைய ஹோண்டா சிட்டி 1.5 விடெக்கைத் தேடுவார்கள். 1493 சிசி, 106 குதிரைத்திறன், அருமையான இன்ஜின். ஆனால் நல்ல நிலையில் கிடைக்கிற வண்டிக்கு விலையும் அப்படியே சொல்வார்கள், உடைந்தால் உதிரிக்கும் அலைய வேண்டும். முதல் வண்டிக்கு எஸ்டீம் போதும்.

இங்கே வண்டி வாங்குவதில் நம் ஊருக்கே உள்ள ஒரு சிக்கல் இருக்கிறது, உப்புக் காற்று. தேவனாம்பட்டினத்திலோ குருசுக்குப்பத்திலோ கடலிலிருந்து நாலு தெரு தள்ளி வெட்டவெளியில் பத்து வருஷம் நின்ற காரையும், நெய்வேலியிலோ விழுப்புரத்திலோ ஷெட்டில் நின்ற காரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், கீழே தகடு பிஸ்கட்டாகப் போயிருக்கும். ரேஸ் காருக்கு உயிர் பாடிதான். இன்ஜின் கெட்டால் இன்னொன்று வாங்கிப் போடலாம், ஷெல் துருப்பிடித்திருந்தால் அதன் மேல் கட்டுகிற ரோல் கேஜ், வண்டி உருண்டால் ஓட்டுகிறவரைக் காக்கிற அந்த இரும்புக் கூண்டு, எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

அதனால் பார்க்கப் போகும்போது ஒரு சின்னக் காந்தம், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். பின்சக்கர வளைவின் உதடு, கதவுக்குக் கீழே போகிற ரன்னிங் போர்டு, ஜாக்கி வைக்கிற இடம், பேட்டரி உட்காரும் தட்டு, வைப்பருக்கு அடியில் இலை சேருகிற பள்ளம், முன்பக்க ஷாக் தலை பாடியில் உட்காரும் வட்டம், இத்தனை இடத்திலும் காந்தத்தை வையுங்கள். ஒட்டவில்லை என்றால் உள்ளே பட்டி பூசியிருக்கிறார்கள். பெயிண்ட் கொப்பளித்திருக்கிற இடத்தில், ஓனரிடம் கேட்டுக்கொண்டு, ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். ஷாக் தலை வட்டத்தில் முனை உள்ளே போனால் பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடலாம். ரன்னிங் போர்டு ஒரு பக்கம் மட்டும் போயிருந்தால் நல்ல டிங்கரிங் ஆள் தகடு வெட்டி வைத்துத் தருவார், அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

இரண்டாவது, வெள்ளத்தில் நின்ற வண்டி. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரையைக் கடந்தது, 2015-ல் கடலூர் மாவட்டமே தண்ணீரில் கிடந்தது, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழையைக் கொட்டியது. அந்தத் தண்ணீரில் நின்ற கார்கள் கழுவித் துடைத்து இன்றைக்கும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். சுருளுக்கு உள்ளே இருந்த பகுதியில் சேற்றுக் கோடு தெரிந்தால் தண்ணீர் அந்த உயரம் வரை வந்திருக்கிறது. சீட்டுக்கு அடியில் இருக்கிற போல்ட்டுத் தலை, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிற கனெக்டர், ஸ்டெப்னி வைக்கிற குழி, இவற்றை யாரும் ஒழுங்காகக் கழுவ மாட்டார்கள், அங்கே வண்டல் இருக்கும்.

ஆர்.சி. விஷயத்தையும் இப்போதே முடிவு பண்ணுங்கள். சீட்டெல்லாம் கழற்றி, கேஜ் வைத்த வண்டியை ரோட்டில் ஓட்டக்கூடாது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இப்படிப்பட்ட மாற்றங்களைத் தடை பண்ணுகிறது. ரேஸுக்கு மட்டும்தான் என்றால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதிவை முறைப்படி ரத்து செய்யக் கேளுங்கள். சேஸிஸ் நம்பரை மட்டும் அப்படியே விடுங்கள், டிங்கரிங் வேலையில் அது அழிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழற்றுவதும் கேஜும்

வண்டி வந்ததும் உள்ளே இருப்பதை எல்லாம் கழற்றுங்கள். கழற்றும் ஒவ்வொன்றையும் தராசில் வைத்து எடையை நோட்டில் எழுதுங்கள், எழுதினால்தான் அடுத்து எங்கே குறைக்கலாம் என்று தெரியும். சீட்டு, கார்பெட், கூரைத் துணி, கதவு அட்டை, ஸ்டெப்னி, ஏசி கம்ப்ரஸர், கண்டென்சர் எல்லாம் போகும். தரையில் சத்தம் அடக்குவதற்காக ஒட்டியிருக்கிற கருப்புத் தார் ஷீட்டை ஹீட் கன்னால் சூடாக்கி, பட்டித் தகட்டால் தள்ளிக்கொண்டே வந்தால் உரிந்து வரும். அலுப்பான வேலைதான், ஆனால் அந்த ஷீட்டுக்கு அடியில்தான் துரு ஒளிந்திருக்கும் என்பதால் விடக்கூடாது. விதியில் சொன்ன குறைந்தபட்ச எடைக்குக் கீழே போய்விட்டால் நல்லதுதான். குறைகிற எடையை இரும்புத் துண்டாக ஓட்டுகிறவருக்கு எதிர்ப்பக்கம், தரையோடு தரையாக போல்ட் போட்டு வைக்கலாம். அது ஏசி கம்ப்ரஸரைச் சுமப்பதைவிட எவ்வளவோ மேல்.

ரோல் கேஜில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கேட் செய்கிற ஜி.ஐ. பைப்பையோ, தையல் போட்ட (நீளவாக்கில் வெல்டு வைத்து ஒட்டிய) சாதாரணப் பைப்பையோ வளைத்து வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். சர்வதேச விதிப்படி தையல் இல்லாத, குளிர்நிலையில் இழுத்த கார்பன் ஸ்டீல் குழாய்தான் வேண்டும். ஓட்டுகிறவர் தலைக்குப் பின்னால் நிற்கிற மெயின் வளையத்துக்கு 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. கனமும், அல்லது 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. கனமும். மற்றவற்றுக்கு 38-க்கு 2.5, அல்லது 40-க்கு 2. வளைவின் ஆரம் குழாய் விட்டத்தைப்போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும், வளைத்த இடத்தில் சுருக்கம் விழக்கூடாது. பாடியில் உட்காரும் இடத்தில் 3 மி.மீ. கனத் தகடு, குறைந்தது 120 சதுர செ.மீ., வெல்டு வைத்து, அதன் மேல் ஒவ்வொரு காலுக்கும் மூன்று எம்8 போல்ட், 8.8 கிரேடு. போல்ட்டின் தலையிலேயே 8.8 என்று பொறித்திருக்கும், பார்த்து வாங்குங்கள். குழாய்க்கு டெஸ்ட் சர்டிஃபிகேட் கேட்டு வாங்கி ஃபைலில் வையுங்கள்.

புதுச்சேரி மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைகளில் மருந்துக் கம்பெனிக்கும் பால் பண்ணைக்கும் பைப் வேலை செய்து கைதேர்ந்த டிக் வெல்டர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவரைப் பிடியுங்கள். 'அண்ணே, அழகா இருக்கணும்னு அவசியமில்லை, குழாயைச் சுத்தி முழுசாப் பத்த வச்சிருக்கணும், மேலே கூரைப் பக்கம் கை போகலைன்னு விட்டுடாதீங்க' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூரையை ஒட்டி வருகிற இணைப்புகளில் பின்பக்கம் கை நுழையாது, அங்கேதான் பாதி வெல்டோடு விடுவார்கள். கேஜை முதலில் அங்கங்கே புள்ளி வெல்டு மட்டும் வைத்து நிறுத்தி, கால்களைத் தரையில் போட்ட ஓட்டை வழியாகக் கீழே இறக்கி, மேல் இணைப்புகளை முழுக்கச் சுற்றி முடித்துவிட்டு, மறுபடி தூக்கிக் கால்தகட்டை வைக்கலாம். அந்தத் தந்திரம் தெரிந்தவரா என்று கேட்டாலே ஆள் யாரென்று புரிந்துவிடும்.

சீட்டு, ஆறு முனை பெல்ட், ஹெல்மெட், கழுத்துப் பாதுகாப்புக் கருவி, தீயணைப்பு உடை எல்லாவற்றிலும் சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் லேபிளும் செல்லுபடியாகும் வருஷமும் இருக்கும். காலாவதியான பெல்ட் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள், ஸ்க்ரூட்டினியில் அதை வெளியே எடுத்து வைத்துவிடுவார்கள். தோள்பட்டை பெல்ட் தோளிலிருந்து பின்னால் கிடைமட்டமாகவோ கொஞ்சம் கீழிறங்கியோ போக வேண்டும். கீழே தரையில் மாட்டினால் மோதும்போது முதுகெலும்பை அழுத்தும்.

ஆபத்தில் வண்டியின் மின்சாரத்தையும் இன்ஜினையும் நிறுத்துகிற கில் ஸ்விட்ச் வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் எட்ட வேண்டும். வெளியே நீல முக்கோணத்துக்குள் சிவப்பு மின்னல் ஸ்டிக்கர். ஒரு விஷயம் கவனியுங்கள்: பேட்டரியை மட்டும் துண்டிக்கிற சாதாரண ஸ்விட்ச் போட்டால், ஓடுகிற இன்ஜின் ஆல்டர்னேட்டரில் வருகிற மின்சாரத்திலேயே தொடர்ந்து ஓடும். இக்னிஷனையும் சேர்த்து வெட்டுகிற ஆறு முனை ஸ்விட்ச் வாங்கி, மாட்டிய பிறகு இன்ஜின் 3000 சுற்றில் ஓடும்போது திருப்பிப் பாருங்கள், உடனே நிற்க வேண்டும்.

சஸ்பென்ஷன், பிரேக்: சுற்று நேரம் குறைவது இங்கேதான்

எஸ்டீம் முன்சக்கரம் இழுக்கிற வண்டி. திருப்புவது, இழுப்பது, பிரேக்கில் பெரும்பங்கு எல்லாமே முன் டயர் இரண்டின் தலையில்தான். அதனால் வளைவில் மூக்கைத் திருப்பாமல் வெளியே தள்ளிக்கொண்டு போவது இதன் பிறவிக் குணம். அதைக் குறைப்பதுதான் மொத்த வேலையும்.

லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட், டை ராட் முனை, ஷாக் மேல் மவுண்ட், வீல் பேரிங், இன்ஜின் மவுண்ட் எல்லாம் புதிது, அதுவும் கம்பெனி உதிரி. டூப்ளிகேட் புஷ் ஒரு பிராக்டிஸ் நாளிலேயே கிழிந்துவிடும். லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முழு இறுக்கம் கொடுக்காதீர்கள், சக்கரம் தரையில் உட்கார்ந்து எடை ஏறின பிறகு இறுக்குங்கள். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும், வண்டியின் உயரமும் பொய்யாகத் தெரியும். விதி அனுமதித்தால் கெட்டியான ஸ்பிரிங்கும் ஷாக்கும். அனுமதிக்காவிட்டால் நல்ல ஸ்பிரிங்குகளாக எடுத்து, ஒவ்வொன்றின் நீளத்தையும் அளந்து, இடது வலது ஒரே அளவில் ஜோடி சேர்த்துப் போடுங்கள்.

அலைன்மெண்ட் கடையில் கொண்டுபோய் விட்டால் கம்பெனி அளவுக்கு வைத்துத் தருவார்கள், ரேஸுக்கு அது உதவாது. வீட்டிலேயே செய்யலாம். முதலில் தரை மட்டம். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப்பை எடுத்து நாலு சக்கரம் நிற்கிற இடத்தையும் பார்த்து, தாழ்ந்த இடத்தில் டைல்ஸ் துண்டை அடுக்கி ஒரே மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். டயரில் காற்று சரியாக, ஓட்டுகிறவர் எடைக்குச் சீட்டில் மூட்டை, டேங்கில் பாதி பெட்ரோல்.

கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கிற அளவு, பார்க்கத் தூக்குக்குண்டு போதும். ஃபெண்டரிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, ரிம்மின் மேல் விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி, கீழ் விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டையும் ஸ்கேலால் அளங்கள். 13 அங்குல ரிம்மில் விளிம்புக்கு விளிம்பு சுமார் 350 மி.மீ. வரும், அப்படியென்றால் ஒவ்வொரு 6 மி.மீ. வித்தியாசமும் ஏறக்குறைய ஒரு டிகிரி. மேல்பக்கம் 15 முதல் 18 மி.மீ. உள்ளே சாய்ந்திருந்தால் இரண்டரையிலிருந்து மூன்று டிகிரி நெகட்டிவ் கேம்பர். முன்சக்கரத்துக்கு ஆரம்பிக்க நல்ல அளவு அது. பின்னால் ஒன்றரை போதும். ஷாக்கும், சக்கர ஹப்பைத் தாங்குகிற நக்கிளும் சேருகிற மேல் போல்ட் ஓட்டையை நீட்டித்து இந்தச் சாய்வைக் கொண்டு வரலாம், விதி விட்டால்.

டோ என்பது சக்கரத்தின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிற அளவு. அதற்கு தேங்காய்த்திட்டு துறைமுகப் பக்கமோ கடலூர் முதுநகரிலோ வலைக் கடையில் கிடைக்கிற தங்கூஸ் நரம்புதான் சிறந்தது, தொய்யாது, காற்றுக்கு ஆடாது. வண்டிக்கு முன்னால் ஒரு பைப், பின்னால் ஒரு பைப், இரண்டுக்கும் நடுவே இடது வலது இரண்டு பக்கமும் நரம்பை இழுத்துக் கட்டுங்கள். முன் ஹப்பின் மையத்திலிருந்து நரம்புக்கு இடதும் வலதும் ஒரே தூரம், பின் ஹப்பிலிருந்தும் அப்படியே, அதுவரை பைப்பை நகர்த்துங்கள். இப்போது நரம்பு வண்டிக்கு இணையாக ஓடுகிறது. ரிம்மின் முன் விளிம்பு, பின் விளிம்பு இரண்டிலிருந்தும் நரம்புக்கு உள்ள தூரத்தை அளந்தால் அந்த வித்தியாசம்தான் டோ. முன்சக்கரம் ஒவ்வொன்றும் 1 மி.மீ. வெளியே திறந்திருக்கட்டும், வளைவுக்குள் சட்டென்று மூக்கைக் கொடுக்கும். பின்சக்கரம் நேராக. கேம்பரை மாற்றினால் டோவும் மாறும், அதனால் கேம்பர் முதலில், டோ அடுத்து.

நாலு சக்கர எடையை அளக்க வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள். முன் வலது 280, முன் இடது 270, பின் வலது 180, பின் இடது 170 கிலோ என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 900. குறுக்காகக் கூட்டுங்கள்: முன் வலதும் பின் இடதும் சேர்த்து 450, சரியாகப் பாதி. இப்படி இருந்தால் இடது வளைவிலும் வலது வளைவிலும் வண்டி ஒரே மாதிரி நடந்துகொள்ளும். இது 53, 54 சதவீதம் என்று ஏறியிருந்தால் ஒரு பக்கம் நன்றாகத் திரும்பி மறுபக்கம் தள்ளும், ஓட்டுகிறவர் தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்வார். ஸ்பிரிங்குக்கு அடியில் ஷிம் வைத்துச் சரி பண்ணலாம்.

பிரேக்குக்கு முன்னால் புது டிஸ்க், ரேஸ் பேட். பின்னால் டிரம்தான், வீல் சிலிண்டரும் ஷூவும் புதிது போடுங்கள். ரப்பர் பிரேக் ஹோஸ் பழசாக இருந்தால் அழுத்தும்போது உப்பும், பெடல் பஞ்சாக இருக்கும். பிரேக் ஆயிலில் டாட் 4 என்ற தரத்துக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி, ஈரம் ஏறின பிறகு 155. டாட் 5.1-க்கு 260, 180. நம் ஊர்க் காற்றில் ஈரம் எப்போதும் அதிகம், திறந்து வைத்த பாட்டில் சீக்கிரம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு ரேஸுக்கும் சீல் உடைக்காத புது பாட்டில், மீதியை எடுத்து வைக்காதீர்கள். முன் பம்பரின் ஃபாக் லேம்ப் ஓட்டையிலிருந்து டிஸ்க்கின் நடுப்பகுதிக்கு ஒரு வளையும் ஹோஸ் இழுத்துக் காற்று கொடுத்தால் பேட் இரண்டு மடங்கு நிம்மதியாக இருக்கும், செலவும் குறைவு.

இப்போது இன்ஜின்

ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று மீட்டர் வைத்துப் பார்க்கிற கம்ப்ரஷன் டெஸ்டில் ஆரம்பியுங்கள். இன்ஜின் சூடாக, நாலு பிளக்கும் வெளியே, ஃபியூயல் பம்ப் ரிலே கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துச் சுற்றுங்கள். நாலு சிலிண்டருக்குள் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. குறைவாக இருக்கிற சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் போயிருக்கிறது, ஏறாவிட்டால் வால்வ் அல்லது ஹெட் கேஸ்கெட்.

திறக்க வேண்டியிருந்தால் ஸ்டாக் கிளாஸில் செய்யக்கூடிய வேலை, கம்பெனி அனுமதித்த அளவுக்குள் எல்லாவற்றையும் சமப்படுத்துவது. கனெக்டிங் ராட் நாலையும் கிராம் தராசில் நிறுத்து ஒரே எடைக்குக் கொண்டு வாருங்கள். பிஸ்டனும் அப்படியே. ஹெட்டின் எரிஅறையை அளக்க, நடுவில் ஓட்டை போட்ட ஒரு அக்ரிலிக் தகட்டைக் கிரீஸ் தடவி மூடி, பிளக்கையும் வால்வையும் போட்டு, ஊசி போடுகிற சிரிஞ்சால் கெரசின் நிரப்பி எத்தனை சிசி போகிறது என்று குறியுங்கள். ஒரு சிலிண்டர் 324.5 சிசி. சுருக்க விகிதம் 9.5 என்றால், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மீதியிருக்கும் இடம் 38.2 சிசி. அதில் வெறும் 1 சிசி குறைத்தால் விகிதம் 9.7-ஐத் தாண்டிவிடும். அதனால் லேத்தில் ஹெட்டை முகம் தேய்க்கக் கொடுக்கும்போது 'கொஞ்சம் எடுங்க' என்று சொல்லாதீர்கள், எவ்வளவு எடுக்கலாம் என்று விதியையும் கணக்கையும் பார்த்து எண்ணைச் சொல்லுங்கள்.

பெட்ரோல் இப்போது எல்லா இடத்திலும் இ20, அதாவது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. 1999 வண்டி அதை நினைத்துச் செய்ததல்ல. எத்தனால் கலந்ததற்கு அதிகப் பெட்ரோல் கொடுக்க வேண்டும், ஒரு பங்கு பெட்ரோலுக்கு வேண்டிய காற்றின் எடை 14.7 பங்கிலிருந்து 13.5 பக்கம் இறங்கிவிடுகிறது. இன்ஜினை நடத்துகிற பழைய கம்ப்யூட்டர் (இ.சி.யூ.) முழு ஆக்ஸிலேட்டரில் இதைக் கவனிக்காமல் பழைய கணக்கிலேயே ஊற்றுவதால் இன்ஜின் வறண்டு எரியும், பிஸ்டன் சூடாகும். புகைக் குழாயில் வைட்பேண்ட் சென்ஸர் ஒன்று மாட்டி லாம்டா அளவில் (சரியான கலவை 1, அதற்குக் கீழே என்றால் பெட்ரோல் அதிகம்) பாருங்கள், முழு மிதியில் 0.86 முதல் 0.90-க்குள் இருக்கட்டும். பெட்ரோல் போகிற ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்குகிற ஹோஸாக மாற்றுங்கள், பழசு உள்பக்கம் உதிர்ந்து இன்ஜெக்டரை அடைக்கும்.

டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றும் சேர்த்துப் புதிது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுகிற பழக்கம் நம் மெக்கானிக்குகளிடம் நிறைய உண்டு, விடாதீர்கள். ரேடியேட்டரைப் புதிதாகப் போட்டு, ஃபேனையும் காற்று போகிற வழியையும் சரி பண்ணினால் தெர்மோஸ்டாட்டோடு நன்றாகவே ஓடும். பல பந்தயங்களில் கிளைகால் கலந்த கூலண்டுக்குத் தடை உண்டு, டிராக்கில் கொட்டினால் வழுக்கும் என்பதால். நீண்ட வளைவில் ஆயில் சம்ப்பின் ஒரு பக்கம் ஏறிவிடும், பம்ப் காற்றை உறிஞ்சும். விதி அனுமதித்தால் சம்ப்புக்குள் தடுப்புத் தகடு வெல்டு பண்ணுங்கள். ஆயில் பிரஷருக்கு ஒரு பெரிய சிவப்பு விளக்கு ஓட்டுகிறவர் கண்ணுக்கு நேரே இருக்கட்டும், மீட்டரை ரேஸில் யாரும் பார்க்க மாட்டார்கள்.

டிராக்குக்குப் போவது

வண்டி கிளம்பிவிட்டது, கை துறுதுறுக்கும், காலாப்பட்டு தாண்டினால் ஈ.சி.ஆர். நேராகக் கிடக்கிறதே, விடியற்காலை ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்கலாமா என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். அந்த ரோட்டில் சைக்கிளில் மீன் கூடையோடு போகிறவர்கள் அந்த நேரத்தில்தான் கிளம்புவார்கள். வண்டியை ரெக்கவரி லாரியில் ஏற்றி டிராக்குக்குக் கொண்டு போங்கள், பிராக்டிஸ் நாளில் பணம் கட்டி ஓட்டுங்கள்.

முதல் ரவுண்டு போகும்போது வேகத்தை மறந்துவிடுங்கள். மூன்று சுற்று மெதுவாக, உள்ளே வந்து பானெட்டைத் திறந்து ஆயில் கசிவு, தண்ணீர், பிரேக் ஹோஸ் டயரில் உரசியிருக்கிறதா என்று பாருங்கள், வீல் நட்டை டார்க் ரெஞ்சால் மறுபடி பிடியுங்கள். அடுத்து பிரேக் பேட்டைப் பதப்படுத்துவது: வேகத்திலிருந்து படிப்படியாக அழுத்தத்தைக் கூட்டிப் பல முறை பிடித்து, முழுக்க நிற்காமல், பிறகு ஒரு சுற்று ஆற விட்டு வாருங்கள். உள்ளே வந்ததும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், கட்டை வையுங்கள்.

அப்புறம்தான் டயர். ஊசி முனை வெப்பமானி ஒன்று வாங்கி, உள்ளே வந்த அந்த நிமிஷமே முன் டயர்களின் உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் மூன்றையும் குத்தி அளந்து எழுதுங்கள். வெளிப்பக்கம் அதிகச் சூடு என்றால் கேம்பர் போதவில்லை. நடு மட்டும் அதிகம் என்றால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் அதிகம் என்றால் காற்று குறைவு. உள்பக்கம் கொஞ்சம் அதிகமாக இருப்பது சரிதான். வண்டி இன்னும் மூக்கைத் தள்ளுகிறது என்றால் பின் டயரில் இரண்டு பிஎஸ்ஐ கூட்டிப் பாருங்கள், வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கிற ஆன்டி ரோல் பாரைப் பின்னால் போட அனுமதி இருந்தால் அது இன்னும் நல்ல வழி. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம்தான், அதையும் எழுதிவிட்டுத்தான் அடுத்தது. காலை ஒன்பது மணி டிராக் வேறு, சித்திரை வெயிலில் மதியம் இரண்டு மணி டிராக் வேறு, அதனால் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

ஊருக்கு வந்ததும் வண்டியைக் கழுவி, அடிப்பாகத்தில் துரு தடுக்கிற மெழுகு அடித்து, பேட்டரியைக் கழற்றி, கடல் காற்று படாத ஷெட்டில் விடுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடினால் உள்ளே ஈரம் நின்று ஒரே மழைக்காலத்தில் கேஜ் வெல்டெல்லாம் பழுப்பேறும், துணிக் கவர்தான் சரி. வாரம் ஒரு முறை வண்டியைக் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் பின் டிரம்மில் ஷூ ஒட்டிக்கொள்ளும்.